மருதமுனைச் சாறியை ஒன்லைனில் விற்க ஒன்றரை லட்சம் ரூபாய் இணையத்தளம் வேண்டுமா?

சகோதரி, நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். வாப்பா கிழக்கிலங்கையில், மருதமுனையில் கைத்தறியில் சாறியும் சாரனும் நெய்கிறார். வழக்கமாக எடுத்துப்போகும் வியாபாரி தருகிற விலை, நூல் விலை ஏறிய அளவுக்கு ஏறவில்லை. ஒன்லைனில் நேரடியாக விற்றால் என்ன என்று உங்களுக்கு யோசனை. இணையத்தளம் செய்து தர ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார், கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. முகம் தெரியாத ஒரு ஆள் கொழும்பிலோ கண்டியிலோ இருந்துகொண்டு நம்மை நம்பிக் காசு தருவாரா? தந்தால், எல்லாச் செலவும் போக வியாபாரி தருவதைவிட அதிகமாகக் கையில் நிற்குமா? இணையத்தளம் இந்த இரண்டில் எதற்கும் தானாகப் பதில் சொல்லாது. ஆகவே அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம்.

நான் கல்முனையில் ஒரு கூரியர் கிளையில் சில வருடம் இருந்தவன். இப்போது இந்தப் பக்கத்துச் சிறு உற்பத்தியாளர்கள் சிலருக்கு ஓடரும் கணக்கும் பார்த்துக் கொடுக்கிறேன். அதனால் என் பார்வை கொஞ்சம் பார்சல் பக்கம் சாய்ந்ததாகத்தான் இருக்கும். மார்க்கெட்டிங் படித்தவர்கள் பேஸ்புக்கிலிருந்து தொடங்குவார்கள். நான் திரும்பி வருகிற பார்சலிலிருந்து தொடங்குகிறேன்.

நம் நாட்டில் ஒன்லைனில் வாங்குகிறவர்களில் பெரும்பாலானோர் கேட்பது பொருள் கைக்கு வந்த பிறகு காசு கொடுக்கிற முறையைத்தான். கூரியர்காரர் வீட்டுக்குப் போய்ப் பொருளைக் கொடுத்து, காசை வாங்கி, சில நாள் கழித்து உங்கள் கணக்கில் போடுவார். வாங்குபவருக்கு நிம்மதி. உங்களுக்கோ, வாங்குபவர் கதவைத் திறக்காவிட்டால், போனை எடுக்காவிட்டால், ‘இப்ப வேணாம்’ என்றால் பார்சல் திரும்பி வரும். போன செலவு உங்கள் தலையில். சில நிறுவனங்கள் திரும்பி வருவதற்கும் தனியாகக் காசு எடுப்பார்கள். ஒப்பந்தம் போடுவதற்கு முன் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் உதாரணத்துக்கு, உங்களுடையதை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு சாறிக்கு நூலும் வாப்பாவின் கூலியும் சேர்த்து 3200 ரூபாய். (கூலியைச் சேர்க்க மறக்க வேண்டாம். வீட்டு ஆள் நெய்கிறார் என்று அதை விட்டுவிட்டு லாபம் பார்க்கிறவர்கள்தான் இங்கே அதிகம்.) பொதி செய்ய 80. ஒன்லைன் விலை 4500, கூரியர் 400 வாங்குபவர் கணக்கில். விற்ற சாறிக்கு உங்களுக்கு 1220 நிற்கும். வியாபாரி அதே சாறியை 3700க்கு எடுத்தால் 500தான் நிற்கும். இதுவரை ஒன்லைன் பக்கம் அமோகமாக இருக்கிறது, இல்லையா? இப்போது பத்துச் சாறி அனுப்பி மூன்று திரும்பி வந்தது என்று வையுங்கள். ஏழு சாறியில் 8540. திரும்பிய மூன்றுக்கும் கூரியர், பொதி என்று 1440 நட்டம். மிச்சம் 7100. அந்தப் பத்து ஓடரையும் எடுக்க விளம்பரத்துக்கு 4000 போட்டிருந்தால் 3100. திரும்பி வந்த மூன்றையும் வியாபாரியிடமே கொடுத்தாலும் 4600. பத்தையும் முதலிலேயே அவரிடம் கொடுத்திருந்தால் 5000, அதுவும் வாசலில் வைத்தே.

அதே பத்தில் ஒன்று மட்டும் திரும்பி, அந்த ஒன்றின் செலவும் அனுப்புவதற்கு முன்பே அவரிடம் முற்பணமாக வாங்கிய 500க்குள் அடங்கிவிட்டால்? ஒன்பது சாறியில் 10,980, விளம்பரம் போக 6980. அதே தறி, அதே சாறி, அதே விலை. திரும்பி வருகிற எண்ணிக்கை மட்டும்தான் மாறியிருக்கிறது. இந்த வியாபாரத்தில் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் என்றால் இதுதான்: எத்தனை பேர் ‘லைக்’ போட்டார்கள் என்பதைவிட எத்தனை பார்சல் திரும்பி வந்தது என்பதைத்தான் கொப்பியில் எழுதி வைக்கவேண்டும்.

சரி, திரும்பி வருவதை எப்படிக் குறைப்பது? முதலாவது, கூரியர், பொதிச் செலவை அடைக்கிற அளவுக்கு ஒரு தொகையை மட்டும் முன்கூட்டியே வங்கியில் போடச் சொல்லுங்கள். ஐந்நூறு ரூபாய் போட்டவர் கதவைத் திறப்பார். இதனால் உண்மையாகவே வாங்க நினைத்த சிலரும் போய்விடுவார்கள் என்பதை மறைக்க மாட்டேன். எத்தனை பேர் போவார்கள் என்பது பொருளைப் பொறுத்தது, முன்கூட்டிச் சொல்ல முடியாது. சாரன் போன்ற விலை குறைந்த பொருளுக்கு இதைக் கேட்டால் ஆட்கள் சிரிப்பார்கள். நாலாயிரம், ஐயாயிரம் ரூபாய்ச் சாறிக்குக் கேட்பதில் தப்பில்லை.

இரண்டாவது, நாள் பார்த்து அனுப்புங்கள். ராகுகாலத்தைச் சொல்லவில்லை. கைத்தறிச் சாறியைத் தேடி வாங்குகிறவர்களில் ஆசிரியைகளும் அரச அலுவலகங்களில் வேலை செய்பவர்களும் நிறையப் பேர். வேலைக்குத் தினமும் சாறி கட்டுகிறவர்கள். மாத நடுவில் ஆசையோடு ஓடர் போடுவார்கள், பார்சல் வாசலுக்கு வரும்போது கையில் காசு இருக்காது. கிளையில் இருந்த காலத்தில் மாத நடுவில் திரும்பி வருகிற பார்சல் மூலையில் குவிந்து கிடக்கும், சம்பளம் விழுந்ததும் குவியல் சிறுத்துவிடும். ‘எந்தத் திகதிக்கு வந்தால் வசதி?’ என்று வட்ஸ்அப்பில் ஒரு வரி கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நோன்புப் பெருநாள், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளிக்கு முன் இந்தக் கணக்கு மாறும். அப்போது கூரியர் தாமதம்தான் தலைவலி, பெருநாள் கழிந்து போகிற சாறியை யாரும் ஏற்க மாட்டார்கள்.

மூன்றாவது, படம். ‘நிறம் வேற’ என்று திரும்பி வருகிற சாறிதான் அதிகம். இரவில் டியூப் வெளிச்சத்தில் எடுக்காதீர்கள். காலையில் வாசல் நிழலில், வெயில் நேரே விழாத இடத்தில் எடுங்கள். சாறிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்தால் நிறம் சரிந்திருக்கிறதா என்று உங்களுக்கே தெரியும். கத்தரிப்பூ நிறம் பல போன் கமராக்களில் நீலமாகத்தான் விழும். அதை எவ்வளவு முயன்றும் சரிப்படுத்த முடியாவிட்டால், ‘நேரில் இதைவிடச் சிவப்புப் பக்கம் இருக்கும்’ என்று படத்தின் கீழேயே எழுதிவிடுங்கள். நீளம், அகலம், பிளவுஸ் துணி சேர்ந்ததா இல்லையா, சாயம் போகுமா, முதல் கழுவலை எப்படிச் செய்வது என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். கூடவே வாப்பா தறியில் இருக்கிற ஒரு நிமிட வீடியோ: நாடா ஓடுகிற சத்தத்தோடு, பாட்டு எதுவும் சேர்க்காமல். மில் துணியைக் கைத்தறி என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள், வாங்குகிறவர்களுக்கும் அது தெரியும். அந்தச் சந்தேகத்துக்கு நீங்கள் எழுதுகிற எந்த வரியையும்விட அந்தச் சத்தம் நல்ல பதில்.

பொதி செய்வதில் இரண்டொரு சின்ன விஷயம். பத்திரிகைத் தாளில் சுற்றாதீர்கள், மை துணியில் ஒட்டும். ஸ்டேப்ளர் கம்பி அடிக்காதீர்கள், வாங்கியவர் அவசரமாகக் கிழிக்கும்போது கம்பி நூலில் கொளுவி இழுத்துவிடும், பிறகு அது உங்கள் நெசவுக் குறை ஆகிவிடும். மாரி காலத்தில் லொறிக்குள்ளும் நனையும். முதலில் பொலித்தீன், அதற்கு மேல்தான் உறை. முகவரியை வெளியே ஒட்டுவதோடு உள்ளேயும் ஒரு துண்டில் எழுதிப் போடுங்கள். மடித்து உள்ளே வைத்து ஒட்டுகிற வரைக்கும் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். இன்னொன்று: ‘இன்றைய பார்சல்கள்’ என்று அடுக்கிப் படம் போடுகிற பழக்கம் இப்போது எல்லோருக்கும் இருக்கிறது. அதில் வாங்கியவர்களின் பெயர், முகவரி, போன் இலக்கம் எல்லாம் பளிச்சென்று தெரியும். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புக்கு 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு பெண்ணின் போன் இலக்கத்தை ஊருக்குக் காட்டுவது சரியில்லை.

இனிக் காசு வருகிற வழி. உள்நாட்டுக்குள் வங்கியிலிருந்து வங்கிக்கு அனுப்புவது இப்போது சுலபம். 2015 முதல் செயற்படுகிற செஃப்ட்ஸ் முறையில் வேறு வங்கியிலிருந்து அனுப்பினாலும் உடனுக்குடன் வந்து விழும், ஞாயிற்றுக்கிழமையானாலும் சரி. ஆகவே போன் அப்பில் அனுப்பிய ‘ஸ்கிரீன்ஷொட்’டைக் காட்டி, ‘காசு நாளைக்குத்தான் வரும், பார்சலை இன்றைக்கே போடுங்கள்’ என்று அவசரப்படுத்தினால் நில்லுங்கள். படத்தை யாரும் மாற்றலாம். உங்கள் கணக்கைத் திறந்து காசைப் பார்த்த பிறகுதான் பொதியைத் தூக்கவேண்டும். காசோலையைப் போட்டுவிட்டு வைப்புச் சீட்டை அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். காசோலை மாறுகிற வரை அது காசு கிடையாது. உங்களுக்குக் காசு வருவதற்கு நீங்கள் எந்த லிங்க்கையும் அழுத்தத் தேவையில்லை, எந்த ஓடிபி இலக்கத்தையும் யாரிடமும் சொல்லத் தேவையில்லை. கூரியர் பெயரில் வருகிற குறுஞ்செய்தியானாலும் அப்படியே. கணக்கு இலக்கம், பெயர், வங்கிக் கிளை, இவ்வளவும் போதும். ஏதாவது நடந்துவிட்டால் முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள், பிறகு கணினிப் பாதுகாப்பைப் பார்க்கிற இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்துக்கு.

அட்டையால் காசு வாங்கவேண்டுமானால் பேஹியர் போன்ற உள்ளூர்ச் சேவைகள் இருக்கின்றன. ஒவ்வொரு விற்பனையிலும் சில வீதம் எடுப்பார்கள். பேபால் கதை வேறு. இலங்கையிலிருந்து அதன் வழியாகக் காசு அனுப்பலாம், ஆனால் வாங்க முடியாது என்பதுதான் நீண்ட காலமாக இருந்த நிலை. மாறப்போகிறது என்று அவ்வப்போது செய்தி வரும். உங்கள் வங்கி உறுதி சொல்லும்வரை அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

எங்கே விற்பது என்ற கேள்விக்கு என்னிடம் இருப்பது அபிப்பிராயம்தான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ்புக் பக்கம் ஒன்று, அதோடு வட்ஸ்அப் பிஸ்னஸ். இரண்டும் இலவசம், வட்ஸ்அப் பிஸ்னஸில் சாறிகளைப் படமும் விலையுமாக அடுக்கி வைக்கலாம். டிக்டொக்கில் தறி வீடியோ நன்றாக ஓடுகிறது, ஓடரும் அதே அளவுக்கு வருமா என்பது சந்தேகம். டராஸ் போன்ற பெரிய ஒன்லைன் சந்தையில் கைத்தறியை விற்பது கடினம். பக்கத்திலேயே பாதி விலைக்கு மில் சாறி நிற்கும், சின்னப் படத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். விளம்பரத்துக்கு எவ்வளவு போட்டால் எத்தனை ஓடர் வரும் என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். ஆயிரம், இரண்டாயிரம் போட்டுப் பார்த்து, அதே கொப்பியில் எழுதுங்கள். ஒன்றை மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்: தமிழில் மட்டும் எழுதினால் சந்தையில் பெரும்பகுதி உங்களைப் பார்க்காது. சிங்களத்தில் நாலு வரி சரியாக எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள். மொழிபெயர்ப்பு அப்பில் தட்டி எடுத்த சிங்களம் வாசிக்கிறவருக்குச் சிரிப்பாக இருக்கும், சிலவேளை ஏமாற்றுப் பக்கம் என்றே நினைத்துவிடுவார்.

சட்ட விஷயம் பயப்படுகிற அளவுக்கு இல்லை. உங்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவுசெய்யுங்கள். அந்தப் பத்திரம் கையில் இருந்தால்தான் வியாபாரப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கலாம். அட்டைக் கொடுப்பனவுச் சேவைகளும் பெரிய கூரியர் ஒப்பந்தங்களும் அதைக் கேட்கும். வட்ஸ்அப்பில் தருகிற வாக்கைச் சும்மா பேச்சு என்று நினைக்க வேண்டாம். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல்வாங்கல் சட்டப்படி, மின்வழியில் செய்த உடன்பாடு என்பதற்காக மட்டும் அது செல்லாமல் போகாது. இது உங்களுக்கும் பாதுகாப்பு, வாங்குபவருக்கும் பாதுகாப்பு. வருமான வரி விற்பனைத் தொகைக்கு இல்லை, செலவு போன லாபத்துக்கு. 2025 ஏப்ரலிலிருந்து தனிநபருக்கு வருடத்துக்கு 18 லட்சம் ரூபாய் வரை விடுபாடு உண்டு. ஆரம்பத்தில் வரி வராது என்றாலும் வரி இலக்கம் எடுத்து, கணக்கை எழுதி வையுங்கள்.

உங்கள் கேள்விக்குக் கீழே மட்டக்களப்பு, வாகரைப் பக்கத்திலிருந்தும் சிலர் வேறு பொருள்களைப் பற்றிக் கேட்டிருந்தார்கள், அவர்களுக்கு இரண்டு வரி. சட்டித் தயிரைக் கூரியரில் அனுப்ப நினைக்காதீர்கள். அது பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோகிற சாமான். பனையோலைப் பெட்டி உடையாது, ஆனால் இடத்தை அடைக்கும். வெளிநாட்டு விமானக் கூரியர்கள் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருகிற எண்ணையும் எடையாகப் பார்ப்பார்கள், எது கூடவோ அதற்குத்தான் காசு. 40க்கு 40க்கு 30 அளவுள்ள பெட்டி அரைக் கிலோகூட இருக்காது, பில் 9.6 கிலோவுக்கு வரும். சிறிய பெட்டிகளைப் பெரியதற்குள் அடுக்கி ஒரு செட்டாக விற்பதுதான் வழி. கஜு, தேன், மாவு வகை விற்கிறவர்கள் முதலில் உங்கள் பகுதி பீ.எச்.ஐயை, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகரைப் போய்ப் பாருங்கள். பொதியில் ஒட்டுகிற சுட்டுத்துண்டில் (லேபலில்) என்னென்ன இருக்கவேண்டும் என்று அவரே சொல்லித் தருவார்.

‘ஒன்லைன் பிஸ்னஸ்’ என்று சொல்லிக்கொண்டு வேறு ஒரு கூட்டமும் நம் ஊர்களில் சுற்றுகிறது. ஹோட்டலில் கூட்டம் வைப்பார்கள், கோட் போட்ட பையன் வந்து பேசுவான், முதலில் ஒரு தொகை கட்டச் சொல்வார்கள், பிறகு இரண்டு பேரைச் சேர்க்கச் சொல்வார்கள். விற்க ஒரு பொருளும் இருக்காது, இருந்தாலும் பெயருக்குத்தான். வருமானம் சேர்த்த ஆட்களிலிருந்து வந்தால் அது பிரமிட் திட்டம். வங்கித் தொழில் சட்டத்தின் 83சி பிரிவு அதைத் தடைசெய்கிறது. நடத்துவது மட்டுமல்ல, ஆட்களைச் சேர்ப்பதும் குற்றம். தடைசெய்யப்பட்டவை என்று அறிவித்தவற்றின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டிருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதால் அது நல்லது என்று ஆகிவிடாது.

கனடா, லண்டனிலிருந்து சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்கள் கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். ஊருக்கு வந்து போகிறவர் கையில் கொடுத்துவிட முடிந்தால் அதுதான் இன்றைக்கும் மலிவு. தபாலில் போடுவதென்றால் அங்கே வரி யார் கட்டுவது என்று முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ளுங்கள். இலங்கையிலிருந்து போகிற பொருளுக்குக் கனடாவில் வரியில்லாத எல்லை 20 கனேடிய டொலர்தான், ஒரு சாறி அதைத் தாண்டிவிடும். அமெரிக்கா 800 டொலர் வரை கொடுத்திருந்த சலுகையை 2025 ஓகஸ்டில் நிறுத்திவிட்டது. ‘பரிசு என்று எழுதி அனுப்புங்கோ தங்கச்சி’ என்பார்கள். விற்ற சாமானுக்கு அப்படி எழுதாதீர்கள். சுங்கத்தில் பிடித்தால் படிவத்தில் கையெழுத்து உங்களுடையது.

இனி அந்த ஒன்றரை லட்சம். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இப்போது கொடுக்க மாட்டேன். அதில் ஒரு பகுதிக்கு நூல் எடுத்து, பத்துப் பதினைந்து சாறியைத் தயாராக வைத்துக்கொள்வேன். ஓடர் வந்த பிறகு நெய்யத் தொடங்கினால், காத்திருக்கிற நாட்களில் பாதிப்பேர் மனம் மாறிவிடுவார்கள். கொஞ்சத்தைத் திரும்பி வருகிற பார்சலுக்கும் கூரியர் காசு வந்துசேரும் வரைக்கும் ஒதுக்குவேன். வியாபாரியோடு கோபித்துக்கொள்ள மாட்டேன். ஒன்லைனில் ஓடாத நிறங்களை எடுக்க அவர் வேண்டும். ஒரு பெருநாள் காலம் கடந்து, திரும்பவும் தேடி வந்து வாங்குகிற ஆட்கள் சேர்ந்த பிறகு இணையத்தளம் நல்ல யோசனைதான். அப்போது செய்து தருகிறவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். அட்டையில் கட்டுகிற காசு எந்தக் கணக்கில் வந்து விழும்? வருடா வருடம் புதுப்பிக்க எவ்வளவு? தளத்தின் பெயர் யாருடைய பெயரில் பதிவாகும்? மூன்றாவதற்கு அவர் ‘என்ட பேர்ல இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்றன்’ என்றால் வேறு ஆளைத் தேடுங்கள்.